விதைச் சோளம்

சந்தையில் வேப்பிலை போட்ட சோள மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசத்துக்கு எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. இப்போது நாலுவழிச் சாலை போகிற இடத்தில் எங்கள் ஓலைக்கோயில் இருந்தது. மழையில்லாத ஒரு வருசம், அம்மா வேப்பிலை போட்டு வைத்திருந்த விதைச் சோளத்தை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பாயில் காணிக்கையாகக் கொட்டினாள்.

“விதைக்கு என்னட்டி செய்வ?” என்றார் அப்பா.

“கர்த்தர் தருவாரு. சும்மா இருங்க.”

காணிக்கைச் சோளத்தைக் கஞ்சி காய்ச்சி ஊருக்கு ஊற்றினார்கள். நாங்களும் குடித்தோம். மறுவாரமே நல்ல மழை. கரிசலில் ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். விதை கேட்ட வீட்டிலெல்லாம் தங்களுக்கே காணாது என்றார்கள்.

“எங்கட்டி ஒன் கர்த்தரு?” என்றார் அப்பா.

“நான் மழைதான கேட்டேன். தந்துட்டாருல்லா.”

அந்த வருசம் மூவரும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தோம்.