சார்ட்டில் நான் எழுதிய அர்த்தம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, போர்ட் பிளேரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது நடந்தது இது. எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

ஊர்ப்பெயர்கள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். பாம்பூஃப்ளாட்டில் மூங்கில் எங்கே போனது, டெய்ரி ஃபார்மில் மாடுகள் எங்கே என்று ஃபெர்ரியில் பக்கத்தில் உட்காருபவரை எல்லாம் குடைவேன். இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர்கள். இங்கேயே இருந்தவர்கள் தங்கள் மொழியில் என்ன பெயர் சொன்னார்கள்? கல்லூரிக் கண்காட்சிக்கு அதையே எடுத்துக்கொண்டேன். கார் நிக்கோபார் தீவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த என் தோழிதான் கூட்டாளி. சார்ட்டின் அடியில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினோம்.

கார் நிக்கோபாரை அவர்கள் மொழியில் ‘பூ’ என்கிறார்கள். நம் மலருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில்தான்.

“தெரியாது,” என்றாள்.

“உன் ஊரு, உனக்கே தெரியாதா?”

“ஊரைக் கூப்பிட ஒரு பேரு. கூப்பிட்டா போதாதாடி?”

சார்ட்டில் பெயருக்கு ஒரு கட்டம், அர்த்தத்துக்கு ஒரு கட்டம். ஒன்று மட்டும் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்காட்சிக்கு முதல் நாள், வீட்டில் உட்கார்ந்து ‘பூ’வின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, சோழர் காலக் கல்வெட்டில் நிக்கோபார் தீவுகளுக்கு வரும் ‘நக்கவாரம்’ என்ற பெயரை எழுதினேன். ஆடையில்லாதவர்களின் நாடு என்று அதற்குச் சிலர் பொருள் சொல்வதாகப் படித்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியபோது பெரிய ஆராய்ச்சி போலத் தெரிந்தது. தோழியிடம் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்குப் பெயரை மட்டும் படித்துக் காட்டினேன்.

“ஆயிரம் வருசத்துக்கு முந்தி நம்மாளு கல்லுல வெட்டுன பேரா, ஆத்தா? நாளைக்குச் சத்தமாச் சொல்லு. முணுமுணுக்காத.”

சத்தமாகத்தான் சொன்னேன்.

தோழியின் அக்கா வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்து, டெய்ரி ஃபார்மில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். கண்காட்சிக்கும் வந்தார். அவருக்குப் புரியட்டும் என்று இந்தியில் விளக்கினேன். நக்கவாரத்தில் ஸ்கேலை வைத்து, “நங்கே லோகோன் கா தேஷ்” என்றேன். அம்மணமாகத் திரிபவர்களின் தேசம். அந்த வார்த்தை இந்தியில் என் வாயிலிருந்து விழுந்த பிறகுதான், அது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்கே உறைத்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா, சரியாகவே இருந்த பிளவுஸைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

தோழி மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்தாள். நக்கவாரத்தை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, அடியில் இருந்த தன் பெயரை மட்டும் அடித்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நடுவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, டெய்ரி ஃபார்முக்குப் பஸ் ஏறினேன். மூன்று வருட நட்பு போய்விட்டது என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது அக்கா. “மாஃப் கர்னா தீதி” என்றேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

“அந்தப் பேரை யாரு வச்சது?” என்று கேட்டார்.

“எங்க ஆளுங்கதான் தீதி. அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்க.”

“இறங்கி வந்து எங்ககிட்டயே கேட்டிருக்கலாமே. சரி, அவங்களுக்கு அவசரம். நீ இவளுக்குப் பக்கத்து பெஞ்சுதானே, நீயாவது கேட்டிருக்கலாம்.”

உள்ளேயிருந்து தோழியின் குரல் வந்தது. “அவ கேட்டா. என் பதில் அவளுக்குப் பிடிக்கல.”

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். தமாலு, கின்யூக்கா, தபோய்மிங் என்று தங்கள் தீவின் ஊர்களை அக்கா சொல்லச் சொல்ல நானும் சொல்லிப் பார்த்தேன். என் நாக்கு படும் பாட்டைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தோழி வெளியே வந்து இரண்டு உச்சரிப்பைத் திருத்தினாள், அவ்வளவுதான். அவள் என்னோடு பழையபடி பேச ஒரு மாதம் ஆனது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புது ஊர்ப்பெயரைக் கேட்டால் இன்றும் குடைந்து குடைந்து கேட்கிறேன், அந்த ஆசை போகவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் “தெரியாது” என்று சொன்னால், அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ளும் படிப்பு எனக்கு அந்த டெய்ரி ஃபார்ம் வீட்டில்தான் கிடைத்தது.