தட்டுக்குப் பக்கத்தில் கருப்புத் திரை

இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்க்கும்போதுகூடப் பொன்செல்வியின் கண் தட்டில் இருப்பதில்லை. தட்டுக்கு இடப்பக்கம் மடிக்கணினி விரித்தபடி இருக்கும். அதன் கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். சங்கரன்கோவிலில் உள்ள இந்த வீட்டிலிருந்து, புளியங்குடியில் உள்ள ஒரு கணினியை நொடிக்கு ஒருதரம் ‘இருக்கியா’ என்று கூப்பிட்டுக் கேட்பதுதான் அந்த வரிகளின் வேலை. அது ‘இருக்கேன்’ என்று சொன்னால் ஒரு வரி. சொல்லாமல் போனால் திரை சற்று நின்று, பதில் இல்லை என்று எழுதும். அப்போது வாய்க்குக் கொண்டுபோன கையை அந்தரத்தில் நிறுத்திக்கொள்வாள்.

“தின்னுட்டுப் பாரேன். அது எங்க ஓடிரப் போவுது” என்பாள் மதினி சங்கரேஸ்வரி.

“ஓடிருது மதினி. அதான வெனையே.”

அந்த மடிக்கணினியின் அருகே யாரும் தண்ணீர்த் தம்ளர் வைக்கக் கூடாது. ஒருமுறை அண்ணன் துரைப்பாண்டி கை மறதியாக ஓர் எலுமிச்சம்பழத்தை அதன்மேல் வைத்துவிட்டான். அவள் பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டா நுனியால் மூடியைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

துரைப்பாண்டி ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எலுமிச்சை மூட்டைகளைப் புளியங்குடி கமிஷன் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். தங்கை சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, இங்குள்ள கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலைத் தொடங்கியதில் அவனுக்குச் சொல்லி முடியாத பெருமை. கேட்பவர்களிடம் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக அவளிடமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு கணினிகள் தனித்தனியாக ஓடும், அதற்கு விஎம் என்று பெயர், கையால் தொட முடியாது என்று அவள் சொன்னதை மட்டும் அவன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

“உள்ள இருக்குன்னா மூடியத் தொறந்து காட்டுட்டி.”

“ஒரே வண்டில ரெண்டு தோட்டத்துப் பழம் ஏத்துதியே, ஒண்ணோட ஒண்ணு கலக்குதா? அப்படித்தான்ணே.”

அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் அதையே சொல்லிவருகிறான், தானே கண்டுபிடித்த மாதிரி.

எதுவாவது பழுதானால் அவள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். “ஒண்ண மாத்தணும், ஒக்காந்து பாக்கணும்” என்பது அவள் பேச்சு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது என்பாள். அடுக்களையிலும் இதே கதைதான். ரசத்தில் உப்பும் குறைவு, புளியும் குறைவு என்றால் உப்பை மட்டும் போட்டுவிட்டுக் கரண்டியோடு அடுப்பருகே நிற்பாள். சங்கரேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இவள் திரும்பிய நேரத்தில் புளியைக் கரைத்து ஊற்றிவிடுவாள்.

அவளை நம்பி முதலில் வேலை கொடுத்தவர் காசிராஜன் அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. ஏலத்துக்குப் பில் போட அவள் அமைத்துக் கொடுத்த விஎம் ஓர் ஆடித்தபசு நாளில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு வியாபாரம் நன்றாக ஏறியதால், அதை ராசியான மிஷின் என்றே சொல்வார். காலையில் கடைக்கு வந்ததும் அது ஓடும் இரும்புப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு, வெளியூர் போகும் லாரிகளுக்குத் தனியாகப் பில் போட இன்னொன்று வேண்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பழையதை நகல் எடுத்து அவள் புதியதை உண்டாக்கினாள். சரக்கு குறைவான காலம் என்பதால், லாரி வந்தால் மட்டும் இயக்க வேண்டிய புதியது வேலையில்லாமல் அணைந்தே கிடந்தது.

சித்திரை வெயில் ஏறி, லாரிகள் வர ஆரம்பித்த பிறகு தொல்லை தொடங்கியது. ஏலம் சூடாக நடக்கும்போது பில் மிஷின் திடீரென்று பேச்சை நிறுத்திவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும், மறுபடியும் போகும். பில் வராமல் வண்டிகள் தெருமுனை வரை நிற்கும். பனவடலிசத்திரத்து டிரைவர் ஒருவர் துரைப்பாண்டியைப் பார்த்து, “ஏ தொர, ஒன் தங்கச்சி மிஷினு சாமியாடுது வே. வந்து துன்னூறு பூசச் சொல்லு” என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். துரைப்பாண்டியும் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை.

ரோட்டில் பள்ளம் தோண்டினார்களே, வயர் அறுந்திருக்கும் என்றார் ஒருவர். எலிதான் என்றார் இன்னொருவர். பொன்செல்வி வயரை மாற்றினாள், உட்கார்ந்து பார்த்தாள். இணைப்புப் பெட்டியை மாற்றினாள், உட்கார்ந்து பார்த்தாள். தொல்லை போகவில்லை. சனிக்கிழமை அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுக் கோபமில்லாமல் சொன்னார். “திங்கக்கெழம மதுரலேருந்து ஒரு கம்பெனிக்காரங்க வாராங்கம்மா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத.”

அவர் விலகினால், அவரைப் பார்த்து வந்த மற்றக் கடைக்காரர்களும் விலகுவார்கள். பிறகு ஊரில் அவளுக்குத் தொழில் இல்லை, சென்னைக்குத்தான் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்தவள் கட்டிலடியில் கிடந்த துணிப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டியதைத் துரைப்பாண்டி பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையில் இரண்டு கட்டங்கள் ஓடின. ஒன்று இரும்புப் பெட்டியைக் கேட்பது, வயரை மாற்றியும் தொல்லை போகாத பிறகு அவள் சேர்த்தது. அது ஒருநாளும் நின்றதில்லை, ஆகவே வயரில் குற்றமில்லை என்பது அவளுக்கு ஏற்கனவே தெரியும். மற்றது பில் மிஷினைக் கேட்பது. அன்று காலையிலிருந்து அதுவும் ஒருதரம்கூட நிற்கவில்லை. துரைப்பாண்டிக்குச் சந்தோஷம். அவளுக்கோ முகம் சுருங்கியது.

“நான் ஒண்ணையும் மாத்தலயே” என்றவள், சற்றுக் கழித்து, “அண்ணே, இன்னைக்கு வெளியூரு லோடு உண்டா?” என்று கேட்டாள்.

“ஞாத்துக்கெழம ஏது லாரி?”

அவள் இங்கிருந்தபடியே லாரி மிஷினை இயக்கினாள். கொஞ்ச நேரத்தில் பில் மிஷினின் வரி தடுமாறி நின்றது. அணைத்தாள், ஓடியது. மறுபடி இயக்கி, இரண்டின் அடையாள எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றே. அவள் கை நெற்றிக்குப் போனது.

நகல் எடுத்த வெள்ளிக்கிழமை, எண்ணைப் புதிதாக மாற்றவா என்று கணினி கேட்டிருந்தது. பக்கத்தில் சூடம் எரிய நின்ற அண்ணாச்சி, “ஒண்ணையும் மாத்தாதம்மா, ராசி கலைஞ்சிரும்” என்றார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் அப்படியே விட்டாள். அதற்குள் கையில் கேசரி வந்துவிட்டது. அதோடு மறந்தது.

“சரியாயிட்டுன்னு மட்டும் சொல்லு. ஏன்னு கேட்டா வயருன்னு சொல்லிரு” என்றான் துரைப்பாண்டி.

“வயருன்னு சொன்னா, அடுத்த தடவ அவரு வயரத்தான் மாத்துவாரு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பர் பிளேட்டு மாட்டுன மாதிரி ஆயிட்டு அண்ணாச்சி. ஒண்ணுக்கு வர வேண்டியது இன்னொண்ணுக்குப் போவுது. நான்தான் மாத்தாம விட்டேன். என் தப்பு.”

துரைப்பாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பழசத் தொட்டியா?” என்றார் அண்ணாச்சி.

“தொடல. புதுசுக்கு மட்டும் வேற நம்பரு வைக்கணும்.”

“அப்ப வையி. கூட்டுனா ஒம்பது வரணும்.”

“அதுல எழுத்தும் வரும் அண்ணாச்சி.”

“எழுத்தக் கூட்டாத. நம்பர மட்டும் கூட்டு.” பிறகு சொன்னார், “நானுந்தான மாத்தாதன்னேன். மதுரக்காரங்கள வரவேண்டாம்னு சொல்லிருதேன்.”

துரைப்பாண்டி வாசலுக்குப் போய் வண்டியின் டயரை ஒருதரம் உதைத்துப் பார்த்துவிட்டு, காரணமில்லாமல் உள்ளே திரும்பி வந்தான். பொன்செல்வி விரல்விட்டு எண்ணி, ஒன்பது வருமாறு ஒரு நம்பரை வைத்தாள். இரண்டு மிஷின்களையும் ஓடவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். வரிகள் நிற்காமல் ஓடின. சங்கரேஸ்வரி இலை போட்டுச் சோறு வைத்து, ஒரு தம்ளரில் ரசத்தை ஊற்றி, எப்போதும்போல் மடிக்கணினிக்கு எட்டாமல் தள்ளி நின்று நீட்டினாள்.

பொன்செல்வி இடது கையால் திரையை மூடினாள். தம்ளரை வாங்கி அந்த மூடியின் மேலேயே வைத்துவிட்டு, சோற்றைப் பார்த்துப் பிசையத் தொடங்கினாள்.