சித்தப்பாவுக்காக ஊறிய கோவா

மலாயாவில் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தி, அம்மாவின் தங்கையான சின்னம்மா அங்கிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்த சித்தப்பா, லீவு கிடைத்ததும் பின்னால் வருவதாக ஏற்பாடு.

அவர் வரும் நாள் தெரிந்ததும் சின்னம்மா அப்பாவைக் கொண்டு பட்டணத்துச் சந்தையில் கோவா என்கிற முட்டைக்கோஸ் வாங்குவித்தார். மலைநாட்டிலிருந்து ரயிலில் வரும் அந்த மரக்கறியை நாங்கள் சமைப்பதே அரிது. சின்னம்மா அதைச் சமைக்கவும் இல்லை. மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுத் தண்ணீர் விடும்வரை பிசைந்தார். கொத்தமல்லித் தழை, தேசி இலை, இஞ்சி எல்லாவற்றையும் இடையிடையே வைத்துச் சாடியில் அமுக்கினார். மேலே பாரத்துக்கு எங்கள் அம்மிக் குழவியை நட்டு வைத்தார். அம்மா சம்பல் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டி வந்தது.

"மலாயாவிலை எங்கடை பக்கத்து வீட்டுச் சீனத்தி காட்டித் தந்தவ. அவருக்கு இது இல்லாமல் சோறு இறங்காது அக்கா" என்றார் சின்னம்மா. அம்மா அதன்பிறகு குழவியைக் கேட்கவில்லை.

எங்கள் வெயிலுக்குச் சாடி சீக்கிரமே பொங்கத் தொடங்கியது. நான் மூடியில் காதை வைத்து அது முணுமுணுப்பதைக் கேட்பேன். கள்ளுப் புளித்தது போன்ற மணமோ வீடு முழுக்கப் பரவியது. அப்பா மதுவிலக்குச் சபையில் முக்கியமானவர். சபைக்காரர் இருவர் எங்கள் விறாந்தையில் இருந்து கதைத்தவர்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேத்தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்காமல் எழும்பிவிட்டார்கள்.

"உந்தச் சாடியைக் கொண்டுபோய்க் கொட்டு" என்றார் அப்பா.

"அவர் வந்து ஒரு வாய் சாப்பிடட்டும் அத்தான். பிறகு நானே கொட்டுறன்."

சாடி மாட்டுக் கொட்டிலுக்குப் போனது.

சித்தப்பா வந்தார். வாழையிலையில் முதலில் வைத்ததே கோவாதான். அவர் அதைப் பார்த்தார்.

"நீர் இதை இஞ்சையும் போட்டனீரோ?"

"உங்களுக்கு விருப்பமெண்டுதான்."

"எனக்கோ? உமக்கு விருப்பமெண்டல்லோ நான் இவ்வளவு காலமும் திண்டனான்."

சின்னம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். "எனக்கு இதின்ரை மணமே பிடியாது" என்றார் மெதுவாக.

கலியாணமான புதிதில் சீனத்தி தந்த கிண்ணத்தைச் சித்தப்பா மரியாதைக்காக வழித்துச் சாப்பிட்டிருக்கிறார். அன்று தொடங்கியதாம். இருவரும் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குப் புரைக்கேறியது. சின்னம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அது பிடித்திருந்ததால் சாடி முழுவதும் என் பங்குக்கு வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அப்பாவுக்குச் சோறும் எப்போதும் வைக்கும் பாவக்காய்க் கறியும் போட்ட அம்மா, வழக்கம்போல உள்ளே போகாமல் நின்றார்.

"உங்களுக்குப் பாவக்காய்க் கறி விருப்பமோ?"

அப்பாவின் கை நின்றது. "ஏன், இப்ப என்ன?"

"சும்மா கேட்டனான்."

அப்பா சோற்றுக் கோப்பையில் இருந்த பாவக்காயை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "பூசணிக்காய் எண்டால் விருப்பம்" என்றார், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல.

நாளைக்குப் பூசணிக்காய் சமைத்தால் முடிந்தது. இதற்குப்போய் அம்மா ஏன் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.