ஸ்டோரில் வெந்த எலிமினேட்டர்

ராக்கையாவைப் பொறுத்தவரை, உலகத்தில் உள்ள கோளாறு எல்லாம் ஈரத்தால் வருவது. போடிமெட்டுச் சரிவில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தீப்போடுகிறவர் வேறு என்ன நினைப்பார்? குடை, செருப்பு, அப்பளம், கங்காணியின் மூக்குப்பொடி வரை உள்ளே வைத்துக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். மனைவி ஒச்சம்மாள் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு வந்தபோது, "செத்த நேரம் உள்ள உக்காரு, கட்டு வெரசா இறுகிரும்" என்று அழைத்த மகா வைத்தியர்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கரண்டு வந்தது. மாவுக்கட்டோடு படுத்தே கிடந்த ஒச்சம்மாளுக்கு ரேடியோதான் துணை. பேட்டரி வாங்கி மாளவில்லை என்று, கரண்டிலேயே பாடவைக்க ஒரு எலிமினேட்டர் பெட்டி வாங்கினார்கள். ஆடி மழையில் அது மக்கர் செய்தது. வயரைத் திருகிப் பிடித்தால் பாட்டு, விட்டால் மௌனம்.

"ஒண்ணு இதச் சரிபண்ணு. இல்லாட்டி நாளைக்கி ஜீப்புல சிலமலைக்குப் போயிர்றேன். எங்காத்தா வீட்ல நல்ல ரேடியோ இருக்கு" என்றாள் ஒச்சம்மாள்.

அவள் படுத்தபடி சொல்லச் சொல்லத்தான் ராக்கையாவுக்குச் சோற்றுக்கு உலை வைக்கவே வரும்.

"ஈரம் கோத்திருக்கு" என்று நோயைக் கண்டுபிடித்தார். எலிமினேட்டரை ஸ்டோரின் சூடான புகைக்குழாய் மேல் வைத்துவிட்டு விறகு தள்ளப் போனார். திரும்பி வந்தபோது பெட்டி பணியாரம்போல் அமுங்கிக் கிடந்தது.

உடனே மலை இறங்கினார். போடியில் ரேடியோக் கடை பிச்சைமணி அதை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, பாயாசத்துல போட்டு எடுத்தீகளா? ஏலக்கா வாசம் தூக்குதே!"

"ஈரத்த எடுத்தேன், தம்பி."

"ஈரமாவது! பிளக்குகிட்ட வயரு உள்ளுக்குள்ள ஒடிஞ்சிருக்கு. வெட்டி ஒட்டுனா, நீங்க ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள முடியிற சோலி. இப்ப உள்ள சுத்துன கம்பியோட பூச்செல்லாம் உருகி ஒட்டிப்போச்சு. புதுசுதான் வாங்கணும்."

புதுசோடு சாயங்கால ஜீப்பில் ஏறினார். போடிமெட்டில் மழை கொட்டியது. லயத்து வாசலில் அட்டைப்பெட்டியைத் தடவிப் பார்த்தார். அட்டை நனைந்திருந்தது. கால் தானாக ஸ்டோர்ப் பக்கம் திரும்பியது.

"ஏய்யா, எங்க போற?" உள்ளிருந்து ஒச்சம்மாளின் குரல். துணிமூட்டை கட்டித் தலைமாட்டில் தயாராக வைத்திருந்தாள்.

"அட்ட மட்டுந்தான் நனைஞ்சிருக்கு... சும்மா ஒரு நிமிசம்..."

"கொண்டா இங்க!"

அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, உள்ளே காய்ந்தே இருந்த எலிமினேட்டரைத் தலைமாட்டுப் பிளக் பாயிண்டில் தானே சொருகினாள். ரேடியோ பாடியது. மூட்டையை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை அது ராக்கையாவின் கண்ணில் படும்படி அங்கேயே இருந்தது.