பாதி ஆட்டத்தில் அணையும் கம்ப்யூட்டர்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனிடம் யாரும் "கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அதிலும் விளையாடும்போது மட்டும் நின்றுபோகிற கம்ப்யூட்டர் தனி ரகம். பாட்டுப் போட்டால் பாடும், டைப் அடித்தால் அடிக்கும், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத் திரை கறுத்துவிடும். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது அந்தக் கறுப்புத் திரையில் தன் முகமே தெரிய, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் இருக்கும். எனக்கோ, உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு பெட்டி கடைக்குள் வந்தால் திருவிழாதான். திண்டிவனத்தில் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்த ரகம் என்று போனில் சொன்னால் போதும், விழுப்புரம் வரைக்கும் பைக்கை முறுக்கிவிடுவேன்.

மலை ஏறாத பஸ்

கோதண்டம் ஐயா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாதமே கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார். ஸ்டியரிங், பெடல் எல்லாம் வாங்கி மாட்டி, காலையில் குளித்துவிட்டு வண்டியை எடுப்பார். தரையில் அருமையாக ஓடும் பஸ், மலைப்பாதையில் நாலாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து நின்றுவிடும். கடைக்கு எடுத்து வந்தார். விண்டோஸை மாற்றிப் போட்டேன், ராம் மெமரியை மாற்றினேன். கடையில் அரை நாள் ஓடவிட்டேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அதே நாலாவது வளைவு.

மூன்றாம் தடவை நானே வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் எங்கே என்று தேடினால், மர மேசைக்குக் கீழே ஒரு குட்டி அலமாரி, அதற்குள் பெட்டி. தூசி படக்கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டிருந்தார். ஐயா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவில் கதவைத் திறந்தேன் பாருங்கள், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது அனல்! அலமாரிக் கதவையே கழற்றி ஓரமாக வைத்தேன். பஸ் நாலாவது வளைவைத் தாண்டியது, எட்டாவதைத் தாண்டியது, உச்சிக்குப் போய் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். ஐயா ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் இன்ஜினை ஆற வெச்சு ஆற வெச்சு மலை ஏத்துனவன்யா நானு, இதுவும் இன்ஜினுதான்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்கா பெயரில் நான்

எஸ்தர் விழுப்புரத்தில் நர்ஸ். அவருடைய தம்பி துபாயில் வேலை பார்க்கிறார். ஏதோ குடும்பத்து விஷயத்தில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். போனில் பேசுவது நின்றுபோய் விட்டது. ஆனால் சின்ன வயசிலிருந்து சேர்ந்து விளையாடிய துப்பாக்கி ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துப் பேச்சுதான் பேச்சு. அதிலும் மண் விழுந்தது. "சண்டை உச்சத்துல இருக்கறப்ப பொட்டுனு நின்னுடுது சார். நான்தான் கோவிச்சுக்கினு வேணும்னே ஆப் பண்றேன்னு அவன் நெனைக்கிறான். போன வாரம் நின்னதுக்கப்புறம் அவன் மறுபடி வரவே இல்ல" என்றார்.

இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்க வேண்டுமானால் அதே ஆட்டத்தை ஆடிப் பார்த்தால்தான் உண்டு. அடுத்த ஞாயிறு எஸ்தருக்கு டூட்டி. கம்ப்யூட்டரை என் கடையில் வைத்து, அவரே தன் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் துப்பாக்கி ஆட்டம் சுத்தமாக வராது. இறங்கின அரை நிமிஷத்தில் யாராவது சுட்டுவிடுகிறார்கள்; கம்ப்யூட்டர் சூடாவதற்குள் நான் செத்துவிடுகிறேன். ஐந்தாவது தடவை செத்தபோது காதுக்குள் ஒரு குரல்: "அக்கா, ஏன் நடுரோட்டுல நிக்கிற? செவுத்துக்குப் பின்னாடி போ!"

தூக்கிவாரிப்போட்டது. அக்கா கணக்கைப் பார்த்துத் தம்பியே வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார். "அக்கா இல்லைங்க, நான் மெக்கானிக்!" என்று கத்தினேன். கம்ப்யூட்டர்தான் கோளாறு, அக்கா வேண்டுமென்று அணைக்கவில்லை என்று விளக்கினேன். தம்பி சொன்னார், "சரிண்ணா, நான் சொல்ற மாதிரி ஓடுங்க. உங்களை நான் சாக விட மாட்டேன்." ஓடினேன், ஒளிந்தேன், படுத்தேன், எழுந்தேன். கடைசிக் கட்டத்தில் நாலா பக்கமும் குண்டு மழை பொழியும்போது, பொட்டென்று நின்றது கம்ப்யூட்டர்! "நின்னுபோச்சுடா!" என்று நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, மவுஸ் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போய்விட்டார்.

காரணம் சின்னதுதான். எஸ்தர் புதிதாகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தார். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியோ பழசு. சண்டை முற்றினால் கார்டு கேட்கிற கரண்டை அதால் கொடுக்க முடியவில்லை. பெரியதாக ஒன்று மாற்றிவிட்டுத் தம்பியோடு மறுபடி ஆடினேன். ஒரு மணி நேரம், நிற்கவேயில்லை. சாயங்காலம் எஸ்தர் வந்து ஹெட்போனை வாங்கி மாட்டி, "டேய், நான்தான்டா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. தம்பி உடனே கத்தியது எனக்கே கேட்டது: "அக்கா, நீ அப்புறமா வா, அந்த அண்ணன் இப்பத்தான் நல்லா ஆட ஆரம்பிச்சிருக்காரு!"

நாலரை மணிக் கோளாறு

ஓமந்தூரில் பலராமன் என்று, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் ஒரு விவசாயி. மத்தியான வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடுவார். தினமும் சொல்லி வைத்த மாதிரி நாலரை மணிக்கு அது அணைந்து மறுபடி வரும். நான் போய் மல்டிமீட்டரைப் பிளக் பாயிண்டில் செருகிக் காத்திருந்தேன். மணி நாலரை. வெளியே 'டுர்ர்' என்று பம்ப்செட் சத்தம். மீட்டரில் வோல்டேஜ் சரிந்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. "புடிச்சிட்டேன்!" என்று வெளியே ஓடினேன். அவர் மனைவி மோட்டர் சுவிட்சில் கை வைத்தபடி சாவகாசமாக நின்றார்.

இடையில் யூ.பி.எஸ். ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்றேன். அந்த அம்மா முகம் விழுந்துவிட்டது. "அதெல்லாம் வெச்சிடாதீங்க. மல்லாட்டைக்குத் தண்ணி மாத்த வாய்யான்னு தொண்டை கிழியக் கத்தினாலும் வராத மனுசன், இந்த மோட்டரைப் போட்டாத்தான் எழுந்து வெளிய வர்றாரு!"

முழங்கால்

கால்பந்து ஆடும் ஒரு வங்கி ஊழியர். கோல் அடிக்கிற நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றார். என்னோடு வேலை செய்யும் ராஜவேலு, ஆளை ஆட வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மனுஷன் பந்தை உதைக்கும்போதெல்லாம் நிஜக் காலும் சேர்ந்து உதைக்கிறது; முழங்கால் நேராக ரீஸ்டார்ட் பட்டன் மேல். ராஜவேலு நிமிர்ந்து, சிரிக்காமல் சொன்னார்: "பெட்டியில ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல சார், ஆனா உங்க காலுக்கு நம்மகிட்ட ஸ்பேர் கிடையாது."

மடியில் வந்த பெட்டி

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கேமிங் போட்டி. ஒயர், நெட் எல்லாம் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அனந்தபுரத்திலிருந்து நாலு பெண்கள் ஒரு அணியாக வந்திருந்தார்கள். அவர்களில் சுகந்தி போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவர். ஓனரிடம் கெஞ்சி, ஸ்டுடியோ கம்ப்யூட்டரையே கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அரையிறுதியில் அது இரண்டு தடவை அணைந்தது. மற்ற மூன்று பேர் உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்தார்கள். நடுவர் வந்து, "பைனல்ல ஒரு வாட்டி நின்னாலும் டீம் அவுட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பைனலுக்கு இருபது நிமிஷம். சுகந்தி என்னிடம் ஓடி வந்தார். "அண்ணா, ஜல்தியா பாருங்கண்ணா. எங்க ஊர்ல ஒருத்தரும் நம்பல, பொம்பளைங்களுக்கு எதுக்கு இதுன்னாங்க. இப்படித் திரும்பிப் போவ முடியாதுண்ணா."

பக்க மூடியைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிச் சுத்தம் செய்து மாட்டினேன். ஓடவிட்டால் மூன்றே நிமிஷம், அணைந்துவிட்டது. பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. வெப்பநிலையைப் பார்த்தேன்: பிராசஸர் கிட்டத்தட்ட நூறு டிகிரியில் கொதிக்கிறது! அதன் மேல் உட்காரும் விசிறியைத் தொட்டேன். ஒரு பக்கம் ஆடியது. பஸ் குலுக்கிய குலுக்கில் நாலு காலில் ஒரு கால் முறிந்து, விசிறி தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேறு விசிறிக்குக் கடைக்குப் போய் வர நேரமில்லை. சூட்டை விசிறிக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். முறிந்த காலின் ஓட்டை வழியாக, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கைப் பின்பக்கமிருந்து நுழைத்து இழுத்தேன். என் கை வேர்த்து வழுக்குகிறது. சுகந்தி டார்ச் அடிக்க, மற்றொரு பெண் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டார். 'கரகர' என்று டேக் இறுகியது. மைக்கில் அணியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூடியே போடாமல் மேசையில் ஏற்றினேன். மண்டபத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஊரே ஆட்டத்தைப் பார்க்கிறது. நான் திரையின் ஓரத்தில் தெரிகிற டிகிரியைப் பார்க்கிறேன். எழுபது. எழுபத்தைந்து. எண்பத்திரண்டு. இரண்டு சுற்றில் அணிக்கொன்று. மூன்றாவது சுற்றில் அணியில் மிச்சம் இருப்பது சுகந்தி மட்டும்தான், எதிரே இரண்டு பேர். எண்பத்தாறு. அணைந்துவிடாதே தாயே என்று பெட்டியிடமே கெஞ்சினேன். சுகந்தி ஒருவனை வீழ்த்தினார். எண்பத்தேழு. மற்றவன் திரும்புவதற்குள் அவனையும் வீழ்த்தினார். மண்டபம் அதிர்ந்தது! நாலு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். நான் முன்பின் தெரியாத நடுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறேன். மூச்சு வாங்க, சுகந்தி ஸ்பீக்கரில் ஓனருக்குப் போன் போட்டு, "அண்ணா, கப்பு நமக்குத்தாண்ணா!" என்று கத்தினார். ஓனர் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம்மா, ஆனா நாளைக்குக் குடுக்க வேண்டிய கல்யாண ஆல்பம் மொத்தமும் அதுலதான் கீது, கப்பை யார்கிட்டயாவது குடுத்துட்டு நீ பெட்டியை மடியில வெச்சுக்கினு வா!"

இப்படி ஊர் ஊராகப் போய் இத்தனை பேர் ஆட்டத்தை நிற்காமல் ஓடவைத்த என் வீட்டில், என் மனைவி சீட்டாடுகிற கம்ப்யூட்டர் மட்டும் அவள் ஜெயிக்கப் போகிற நேரமாகப் பார்த்து மூன்று மாதமாக அணைந்துகொண்டிருக்கிறது, காரணம் என்னவென்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.