ஜுரம் இறங்கிய காலை

போன வருடம் ஆடி மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். சென்னை ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எல்லாமே ஒரு சிஸ்டர்தான். புற்றுநோய்க்கென்றே மேற்படிப்பு படித்தவராம். உடம்பைச் சோதிப்பார், மருந்தை விளக்குவார், ஆராய்ச்சியும் செய்கிறார் என்றார்கள். டாக்டர் என்று கூப்பிட்டால் மட்டும் இல்லை என்று தலையாட்டுவார். அப்படியென்றால் அவர் யார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. ஜுரம் வந்தால் உடனே தனக்குப் போன் செய்யச் சொல்லிச் சொல்லி எங்கள் காதைத் துளைத்திருந்தார்.

அன்று விடியும்போது என் கணவர் உடம்பு கொதித்தது. நான் போனைத் தேடுவதற்குள் மனுஷன் ஒரு ஜுர மாத்திரையை விழுங்கிவிட்டார். ஷிப்டுக்குப் போகிறவர்களின் பழக்கம் அது. மாத்திரையால் ஜுரத்தை அடக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் நெற்றி ஜில்லென்று ஆகிவிட்டது. இட்லி கேட்டார்.

"ஒண்ணியும் இல்லமே, பேஜாரு பண்ணாத" என்றார்.

மனசு கேட்காமல் சிஸ்டருக்குப் போன் போட்டேன். "இப்ப ஜுரம் இல்ல சிஸ்டர். மாத்திர போட்டுக்கினாரு."

"ஜுரம் போகலம்மா, மாத்திரை மறைச்சிருக்கு. உடனே கிளம்பி வாங்க. கூட்டத்துல ரயில்ல வேணாம், கார்ல வாங்க."

எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவரை நம்புவதா, பார்க்காமலே போனில் சொல்கிறவரை நம்புவதா? ஜுரம் அடிக்கும்போது ஓடினால் நியாயம், இறங்கின பிறகு எதற்கு? புரியாமலேயே கார் பிடித்தேன். கவரைப்பேட்டை தாண்டும்வரை என் கணவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். செங்குன்றம் வருவதற்குள் நடுங்க ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். போனதுமே ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து, கிருமி பரவத் தொடங்கியிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

வீடு திரும்பும் நாளில், எங்கள் மாத்திரைக் கதையைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிஸ்டர் அனுமதி கேட்டார்.

"நாங்க மாத்திர முழுங்கறதுல இன்னா சிஸ்டர் ஆராய்ச்சி?" என்று விழித்தார் என் கணவர். சம்மதித்தும்விட்டார்.

இப்போது தேறி வேலைக்குப் போகிறார். குழப்பம்தான் எனக்குத் தீரவில்லை. அவர் நெற்றி சுட்டால் பயம் வருகிறது, சுடாவிட்டாலோ, "எதுனா மாத்திர போட்டுக்கினியா?" என்று கேட்காமல் என் கையை எடுக்க முடிவதில்லை.