மாடியில் பெய்த மழை

எங்கள் ஊர் பால் சொசைட்டி மாடியில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் சித்தூர் பஸ்ஸில் வந்திறங்குவார். பெயரைக் கேட்கத் தோன்றியதே இல்லை. நெட்டை உருவம், நரைத்த ஒற்றைச் சடை. யார் பேசினாலும் இரண்டு விரலால் தன் உள்ளங்கையில் மெல்லத் தட்டிக்கொண்டே கேட்பார்.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் நர்சுக்கு வண்டி வாங்கித்தர ஒரு நாடகம் போட்டார். வாசலில் உண்டியலுக்குப் பதிலாகப் பால்கேன். பாதிக் குழந்தைகளுக்கு மழை வேடம். என் மகளும் மழைதான்.

"ஏனுங்க டீச்சர், மழைக்கு இத்தன பேரு எதுக்குங்க?" என்றேன்.

"நம்மூருக்கு அவ்வளவாச்சும் வேணுமுங்களே" என்றார்.

நாடகத்தன்று மதியம், கடைசிக் காட்சிக்கு ஜன்னல்களைச் சாத்தினார்கள். இருட்டில் குழந்தைகள் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினார்கள், பிறகு எல்லா விரல்களாலும். மழை வலுத்தது. முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த தோப்புக்காரர் துள்ளி எழுந்து, "ஐயோ, கொப்பரை!" என்று கீழே ஓடினார். கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அவர் பின்னாலேயே இறங்கிப் போனார்.

கைதட்டல் ஓய்ந்ததும் நானும் போய்ப் பார்த்தேன். எதிர்க்களத்தில், சுள்ளென்ற வெயிலில், இருவரும் காயவைத்த கொப்பரைத் தேங்காயைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வானம் வெளுத்துக் கெடக்குதுங்களே டீச்சர்?" என்றேன்.

"கொழந்தைங்க பெய்ய வெச்சுட்டாங்க. நனைய உடலாமுங்களா?"

ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். பிறகு நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டேன்.